நிழலுக்கென்று பிறந்த செடி

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி



கொடைக்கானல் மலைமேல் இருக்கும் நம் பள்ளியின் தோட்டத்தைக் காண வருவோர் முதலில் நிற்பது ரோஜாப் பாத்தியின் அருகில்தான். அதன்பின் டேலியாவையும் ஹைட்ரேஞ்சியாவையும் பார்த்துப் புகழ்ந்துவிட்டுச் செல்வார்கள். சிற்றாலயத்தின் வடபுறச் சுவரை ஒட்டி, மாதா கெபிக்குப் பின்னால் ஒரு மூலை இருக்கிறது. அங்கே யாரும் போவதில்லை. வருடத்தின் பல மாதங்கள் அங்கே வெயில் விழாது. சுவர் எப்போதும் வியர்த்தாற்போல் ஈரமாக இருக்கும். கற்களில் பாசி படர்ந்திருக்கும். அங்கே நட்ட ரோஜா, இலைகளை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. ஜெரேனியம் அழுகிவிட்டது. "அந்த மூலை எதற்கும் உதவாது" என்று எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள்.

ஆனால் குறை அந்த மூலையில் இல்லை. நிழலையும் ஈரத்தையும் விரும்பும் செடியை அங்கே நாம் வைக்கவில்லை என்பதுதான் குறை. அத்தகைய செடிதான் பெரணி. அதை எவ்வாறு வளர்ப்பது, எவ்வாறு வளர்க்கக் கூடாது என்பதை நான் அறிந்த அளவில் இங்கே விளக்க முயல்கிறேன்.

பெரணி என்பது யாது?

பெரணிக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதையும் இல்லை. உலகில் பூக்கும் தாவரங்கள் தோன்றிச் சுமார் 13 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று புதைபடிவங்கள் காட்டுகின்றன. பெரணிகளோ 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவ்வுலகில் இருந்தன. இன்று உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரணி இனங்கள் இருக்கின்றன. நம் இந்திய நாட்டில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உள்ளன.

"பெரணியை நான் பார்த்ததே இல்லை" என்று சமவெளியிலிருந்து வரும் தோழியர் சொல்வதுண்டு. அவர்கள் அறியாமலே அதை உண்டிருக்கக் கூடும். குளத்தங்கரையிலும் வயல் வரப்பிலும் பறிக்கும் ஆரைக்கீரை ஒரு பெரணி. ஒரு காம்பின் நுனியில் நான்கு சிற்றிலைகள் சிலுவைபோல் விரிந்திருக்குமே, அதுதான். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சாலையோரம் வைத்து விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கும், மரத்திலும் பாறையிலும் ஒட்டி வாழும் ஒரு பெரணியின் தண்டுதான். ரோமம் அடர்ந்த அக்கிழங்கில் சூப் வைத்துக் குடிப்பார்கள். வயல் நீரில் மிதக்கும் அசோலாவும் பெரணி இனமே. அதன் இலைக்குள் வாழும் ஒரு நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், உழவர்கள் அதை நெல் வயலில் வளர்க்கிறார்கள். ஆனால் எல்லாப் பெரணியும் உண்ணத்தக்கது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மலைச்சரிவுகளில் வெயிலிலேயே மண்டி வளரும் பிரேக்கன் என்னும் பெரணியில் புற்றுநோயை உண்டாக்கும் நச்சுப்பொருள் இருக்கிறது.

பெரணியின் தண்டு பெரும்பாலும் மண்ணுக்குள்ளோ மண்ணை ஒட்டியோ கிடக்கும். நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இலைகளே. புது இலை, பிடில் வாத்தியத்தின் தலைபோல் சுருண்டு வெளிவந்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அவிழும். அந்த அழகைக் காலையில் ஜெபத்திற்குப் போகும் வழியில் ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தால், பூ இல்லையே என்ற எண்ணமே வராது.

ஒரு தவறும் அதன் பாடமும்

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, ஜெபமாலை மாதமாகிய அக்டோபரில் கெபியை அலங்கரிக்கும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. பூ வாங்கச் சேர்த்த பணம் போதவில்லை. பள்ளி வேலியை அடுத்துச் சோலைப் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையின் மேட்டில் பெரணிகள் தழைத்து நின்றன. நாங்கள் நால்வர் போய்ப் பன்னிரண்டு செடிகளை வேரோடு பிடுங்கி வந்தோம். கெபியைச் சுற்றிக் களிமண்ணில் ஆழமாகக் குழி தோண்டி, சாயாமலிருக்க நன்றாக மிதித்து நட்டோம். திருநாளன்று எல்லாரும் பாராட்டினார்கள். மாத முடிவில் பன்னிரண்டும் கறுத்துவிட்டன.

தோட்டத்தைக் கவனிக்கும் சிஸ்டரிடம் சென்று, "சிஸ்டர், செடிகளெல்லாம் செத்துப் போயின" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "செத்துப் போயினவா, நீங்கள் கொன்றீர்களா? ஒன்றைத் தோண்டிப் பார், தெரியும்" என்றார்.

தோண்டினேன். குழியில் தண்ணீர் நின்றது. இலைகள் புறப்படும் இடம் நான்கு விரற்கடை மண்ணுக்கடியில் புதைந்து, அழுகி நாற்றமடித்தது. வேர்களில் பாதி பிடுங்கும்போதே அறுந்து போயிருந்தன. ஈரத்தை விரும்பும் செடியை ஈரத்திலேயே மூழ்கடித்துக் கொன்றிருக்கிறோம்.

அன்று மாலை சிஸ்டர் எங்களை அந்தப் பாதைக்கு அழைத்துச் சென்றார். பெரணி வேர்கள் பிடித்து வைத்திருந்த மேடு, மழையில் சரிந்து பாதையில் கிடந்தது. "பன்னிரண்டு பிடுங்கினீர்கள் அல்லவா? பன்னிரண்டு வளர்த்துக் காட்டுங்கள். ஆனால் வெளியிலிருந்து ஒரு செடிகூட எடுக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அந்தப் பரிகாரம் இன்னும் முடியவில்லை. அதைச் செய்யும்போது கற்றவற்றையே இனி எழுதுகிறேன்.

இடமும் மண்ணும்

நிழல் என்றால் இருட்டு அன்று. புத்தகம் படிக்கும் அளவு வெளிச்சம் இருக்க வேண்டும். ஆனால் நண்பகல் வெயில் இலைமேல் நேராக விழக் கூடாது. கட்டடத்தின் வடபுறம், உயர்ந்த மரத்தின் அடி, கிணற்றடி, குளியலறை நீர் ஓடும் வாய்க்காலின் ஓரம் ஆகியவை ஏற்றவை. சோப்பு நீர் மட்டும் கலக்கக் கூடாது. நம் ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடபுறம் நிற்கிறது. ஆகவே வடபுறச் சுவரடியிலும் அந்த மாதங்களில் வெயில் எட்டும். மேலே ஒரு மரக்கிளை இருந்தால் கவலையில்லை.

அடுத்தது மண். சோலைக்குள் நடந்திருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே தரை மெத்தைபோல் கால்பட அமுங்கும். பல்லாண்டு உதிர்ந்த இலைகள் மக்கிய மண் அது. நீரைப் பிடித்து வைக்கும்; ஆனால் தேக்கி வைக்காது. அத்தகைய மண்ணையே நாமும் உண்டாக்க வேண்டும். மக்கிய இலை உரம் இரண்டு கூடை, தோட்டத்து மண் ஒரு கூடை, பருமணலோ உடைத்த செங்கல் பொடியோ ஒரு கூடை என்று கலந்துகொள்ளலாம்.

இடம் ஏற்றதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் நீர் வடிந்துவிட்டால் நல்லது. வடியாமல் நின்றால், அடியில் செங்கல் துண்டுகளைப் பரப்பி, பாத்தியை அரை அடி உயர்த்திக் கட்ட வேண்டும். நாங்கள் கெபியைச் சுற்றி முதலில் இதைத்தான் செய்தோம்.

நடும் முறை

ஜூன், ஜூலை மாதங்களில் நடுவது நம் மலைக்கு ஏற்றது. அக்டோபர், நவம்பர் பெருமழைக்கும், அதன்பின் வரும் உறைபனிக்கும் முன்னால் வேர் பிடித்துக்கொள்ளும்.

பெரணிகள் தண்டின் அமைப்பில் இருவகைப்படும். சிலவற்றில் இலைகளெல்லாம் ஒரே இடத்திலிருந்து கூடைபோல் எழும். இவ்வகையை நடும்போது, இலைகள் புறப்படும் நடுப்பகுதி மண்மட்டத்திற்கு மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் அழுகிவிடும். எங்கள் பன்னிரண்டும் இப்படித்தான் போயின. மற்ற வகையில் தண்டு தரையில் ஊர்ந்து செல்லும். அதை மண்ணின்மேல் கிடத்தி, அரை அங்குல மண் மட்டும் தூவி, அசையாதபடி ஒரு சிறு கல்லைப் பக்கத்தில் வைத்தால் போதும். பெரிய வகைகளுக்கு ஒன்றரை அடியும், சிறிய வகைகளுக்கு முக்கால் அடியும் இடைவெளி விட வேண்டும். நட்டபின் மிதிக்கக் கூடாது. கையால் மெதுவாக அழுத்த வேண்டும்.

எந்தப் பெரணியை நடலாம்?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சில இரவுகளில் புல்மேல் உறைபனி படிகிறது. ஆகவே குளிரைத் தாங்கும் உறுதியுள்ள வகைகளையே வெளியில் நட வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு நெஃப்ரோலெப்பிஸ் மிக எளிது. வாள்போல் நிமிர்ந்த இலைகள் உடையது. இதன் ஒரு வகை வேர்களில் கோலிக்குண்டு அளவு சிறு கிழங்குகளை வைத்து, அவற்றில் நீரைச் சேமித்துக்கொள்ளும். ஆகவே நான்கு நாள் நீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. ஆனால் இடம் கொடுத்தால் மடத்தையே பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கொருமுறை ஓரங்களை வெட்டி அடக்க வேண்டும்.

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர்களில் தானாக முளைத்திருக்கும் நீண்ட இலைப் பெரணி டெரிஸ் விட்டாட்டா. சுண்ணாம்பை விரும்பும் வகை இது. சிறிது வெயிலையும் தாங்கும். மண்ணிலுள்ள ஆர்செனிக் என்னும் நஞ்சை இது உறிஞ்சித் தன் இலையில் சேர்க்கிறது என்று அறிவியலார் 2001-ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார்கள். நஞ்சு கலந்த நிலத்தைத் தூய்மை செய்யும் இச்செடியை ஆடு மாடுகளுக்குத் தீனியாகப் போடக் கூடாது.

அடியாண்டம் எல்லாருக்கும் பிடித்தது. கறுத்துப் பளபளக்கும் மெல்லிய காம்பும் சிறு விசிறி போன்ற இலைகளும் கொண்டது. அடியாண்டம் என்பது நனையாதது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இலைமேல் நீர் தெளித்துப் பாருங்கள், முத்தாக உருண்டோடிவிடும். கெபியின் பாறை இடுக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான செடி இல்லை.

ஹாலி பெரணியின் இலை தடித்து, தோல்போல் இருக்கும். குளிரையும் வறண்ட காற்றையும் நன்றாகத் தாங்கும். வெள்ளிப் பெரணியின் இலையடியில் வெண்பொடி பூசியிருக்கும். இலையைப் புறங்கையில் வைத்துத் தட்டினால் அதன் உருவம் கோலம்போல் பதியும். சிறுமிகளுக்கு நல்ல விளையாட்டு. பறவைக் கூடு போன்ற பெரிய இலைப் பெரணி உறைபனியைத் தாங்காது. அதைத் தொட்டியில் வைத்து, பனிக்காலத்தில் வராந்தாவுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

நீரும் உரமும் பனியும்

மழை பெய்யும் மாதங்களில் நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலத்தில்தான் பெரணி நம்மை எதிர்பார்க்கிறது. தினமும் சிறிது தெளிப்பதைவிட, வாரம் இருமுறை வேர்வரை இறங்கும்படி ஊற்றுவது நல்லது. காலையில் ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று, குளிரில் பூஞ்சை பிடிக்கும். கூடை வகைகளின் நடுவில் ஊற்றாமல், சுற்றிலும் ஊற்ற வேண்டும்.

உரம் மிகக் குறைவாகவே வேண்டும். கடையில் வாங்கும் இரசாயன உரம் மெல்லிய வேர்களைக் கருக்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை நன்கு மக்கிய இலை உரத்தை இரண்டு விரற்கடை கனத்திற்குப் பரப்பினால் போதும். அதுவே உரமாகவும் ஈரம் காக்கும் போர்வையாகவும் இருக்கும்.

டிசம்பரில் வெளியிலைகள் பனியால் கருகினால் பயப்பட வேண்டாம். தண்டு உயிரோடிருக்கும். பார்வைக்கு அழகாயில்லை என்று அந்த இலைகளை உடனே வெட்டிவிடுகிறோம். அது தவறு. காய்ந்த இலைகளே நடுப்பகுதிக்குக் கம்பளிபோல் இருந்து அடுத்த பனியிலிருந்து காக்கின்றன. பிப்ரவரி இறுதியில் புதுச் சுருள்கள் தலைதூக்கும் முன் வெட்டினால் போதும்.

இலையின் அடியில் புள்ளிகள்

பெரணி வளர்ப்போர் எல்லாரும் ஒருமுறையாவது பயந்து ஓடி வருவார்கள்: "இலைக்கடியில் பூச்சி பிடித்திருக்கிறது!" எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சோப்பு நீரில் துணியை நனைத்து, இலை இலையாகத் துடைத்தே விட்டாள். அவள் துடைத்தெறிந்தது பூச்சியை அன்று. வரப்போகும் ஆயிரக்கணக்கான செடிகளை!

அந்தப் பழுப்புப் புள்ளிகளுக்குச் சோரஸ் என்று பெயர். அவற்றுள் ஸ்போர்கள் எனப்படும் தூள் இருக்கிறது. விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்புவது இதைத்தான். சோரஸ்கள் இலையின் அடிப்புறத்தில், தைத்து வைத்தாற்போல் ஒழுங்கான வரிசையில் இருக்கும். சில வகைகளில் இலையின் விளிம்பு நெடுக இருக்கும். செதிற்பூச்சிகளோ ஒழுங்கின்றி, காம்பிலும் இலையிலும் கண்டபடி ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பிசுபிசுக்கும். இந்த வேறுபாட்டை அறிந்தவர் பெரணியைக் கெடுக்க மாட்டார்.

விதையைக் காணாத அக்கால ஐரோப்பியர், பெரணியின் விதை கண்ணுக்குத் தெரியாதது என்றும், அதை வைத்திருப்பவரும் கண்ணுக்குத் தெரியாமல் மறையலாம் என்றும் நம்பினர். புனித ஸ்நாபக அருளப்பர் திருநாளான ஜூன் 24-ஆம் நாளின் முந்தைய இரவில் அது பூக்கும் என்று காட்டில் தேடியவர்களும் உண்டு. இன்று நாம் அந்த மறைபொருளை ஒரு வெள்ளைத் தாளில் பிடித்துவிடலாம்.

செங்கல்லில் ஒரு காடு

முறை இதுதான். புள்ளிகள் கரும்பழுப்பாக முற்றிய ஓர் இலையை மட்டும் நறுக்கி, வெள்ளைத் தாளில் அடிப்புறம் கீழே இருக்கும்படி வைத்து மடித்து, காற்றுப் படாமல் இரண்டு நாள் விட வேண்டும். திறந்தால் தாளில் பழுப்புத் தூள் இலையின் வடிவத்திலேயே படிந்திருக்கும்.

நன்றாக நீர் உறிஞ்சும் செங்கல் ஒன்றைக் கொதிக்கும் நீரில் ஊறவைத்து ஆறவிட வேண்டும். கொதிநீர் எதற்கு என்றால், பாசியும் பூஞ்சையும் முந்திக்கொள்ளாமலிருக்க. அதை ஒரு தட்டில் வைத்து, தட்டில் காய்ச்சி ஆறிய நீர் ஊற்றி, செங்கல்லின்மேல் அத்தூளை மிக இலேசாகத் தூவி, கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி, வெயில் படாத சன்னலோரம் வைக்க வேண்டும். தட்டில் நீர் வற்றக் கூடாது.

சில வாரங்களில் செங்கல்மேல் பச்சை மெருகு தெரியும். பிறகு அது சின்னஞ்சிறு இதய வடிவத் தகடுகளாக மாறும். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பார்க்கும்போது நம் வகுப்பறைத் திரு இருதயப் படம் எனக்கு நினைவுக்கு வரும். இதை முன்உடலம் என்று நம் பாடநூல் கூறுகிறது. இது இன்னும் பெரணி அன்று. இதன் அடிப்புறத்தில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் தனித்தனியே இருக்கின்றன. ஆண் அணு, பெண் அணுவிடம் நீரில் நீந்தித்தான் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு பனித்துளி அளவு நீராவது வேண்டும். நீர் இல்லையேல் பெரணி இல்லை. பெரணி ஏன் நிழலையும் ஈரத்தையும் விட்டு அகலாதது என்ற கேள்விக்கு விடை இந்தச் சிறு தகட்டில் இருக்கிறது. ஆகவே வாரமொருமுறை காய்ச்சி ஆறிய நீரை அதன்மேல் பனிபோல் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் அந்த இதயத்தின் பிளவிலிருந்து முதல் இலை எழும். அதைத் தொட்டிக்கு மாற்றி, ஏறத்தாழ ஓராண்டு காத்தபின் பாத்தியில் நடலாம்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. எங்கள் முதல் செங்கல், நீரைக் காய்ச்சாமல் ஊற்றியதால் பூஞ்சை பிடித்தது. இரண்டாவது, கோடை விடுமுறையில் பார்ப்பாரின்றிக் காய்ந்தது. அந்தப் பாதையில் எஞ்சி நின்ற ஒரு செடியின் ஒரே ஓர் இலையிலிருந்து தூவிய மூன்றாவது செங்கல்தான் முளைத்தது.

புட்டிக்குள் முளைத்த பெரணி

காற்றின் ஈரம் பெரணிக்கு எவ்வளவு தேவை என்பதை உலகுக்குக் காட்டியவர் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு. அவர் தம் வீட்டு முற்றத்தில் பெரணி வளர்க்க முயன்று, நகரத்தின் புகையால் தோற்றுப்போனார். 1829-ஆம் ஆண்டு ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வளர்ப்பதற்காக, ஈரமண் இட்ட புட்டிக்குள் அதை வைத்து மூடினார். அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன. மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் துளியாகி, மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. மூடி துருப்பிடிக்கும் வரை அவை பல ஆண்டுகள் வாழ்ந்தன. அதைக் கண்டு அவர் அமைத்த கண்ணாடிப் பெட்டிகளில்தான், 1850-ஆம் ஆண்டை ஒட்டிச் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தன. எங்கள் செங்கல்மேல் கவிழ்த்த பாத்திரமும் அந்தப் பெட்டியின் தங்கைதான்.

ஆனால் அதே பெட்டியால் ஒரு தீங்கும் நேர்ந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பெரணி வேண்டும் என்று இங்கிலாந்து மக்கள் காடு மேடெல்லாம் புகுந்து பிடுங்கினார்கள். அதைப் பெரணிப் பித்து என்று 1855-இல் சார்லஸ் கிங்ஸ்லி என்னும் எழுத்தாளர் குறித்தார். சில அரிய வகைகள் பல இடங்களில் அற்றே போயின. நாங்கள் நால்வர் செய்ததும் அதே பித்துத்தான்.

நம் மலைகளின் பெரணிகளை அன்பால் அறிந்தவர்களும் உண்டு. பெடோம் என்னும் ஆங்கில வனத்துறை அதிகாரி தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களுடன் 1860-களில் சென்னையிலிருந்து நூலாக வெளியிட்டார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைக் குரு வி. எஸ். மாணிக்கம் அவர்கள் பழனி மலைப் பெரணிகளைப் பற்றி 1986-இல் நூல் எழுதினார். பின்பு வி. இருதயராஜ் அவர்களுடன் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைப் பற்றிய நூலை 1992-இல் வெளியிட்டார். 2013-ஆம் ஆண்டு நம்மைச் சுற்றியுள்ள காடுகள் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அதனுள்ளிருந்து ஒரு செடியையும் எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. மரம்போல் உயர்ந்து நிற்கும் மரப்பெரணிகள் சோலையின் ஓடைக்கரைகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கலாம், வரையலாம், படமெடுக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

மீதி மூன்று

இப்போது கெபிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். மூன்றாவது செங்கல்லில் முளைத்தவற்றில் ஒன்பது செடிகள் பாத்தியில் நிற்கின்றன. பெரியது ஒரு சாண் உயரம். அவற்றின் அருகே பள்ளிச் சுவரில் தாமே முளைத்த அடியாண்டமும் பாறை இடுக்கில் தழைத்திருக்கிறது. காலை ஜெபம் முடிந்து வருவோர் இப்போது அந்த மூலையிலும் சற்று நிற்கிறார்கள். பாதையின் மேடு மட்டும் இரண்டு ஆண்டு ஆகியும் வெறும் மண்ணாகவே இருக்கிறது. பிடுங்க எங்களுக்கு ஐந்து நிமிடந்தான் ஆயிற்று.

பன்னிரண்டுக்கு இன்னும் மூன்று குறைகின்றன. நான்காவது செங்கல் அறிவியல் கூடத்துச் சன்னலில் இருக்கிறது. பச்சை மெருகு வந்துவிட்டது. ஆனால் அது செடியாகும்போது நாங்கள் பொதுத்தேர்வு எழுதிவிட்டு இப்பள்ளியை விட்டுப் போயிருப்போம். ஆகவே எட்டாம் வகுப்புத் தங்கைகளே, இக்கட்டுரையை உங்களுக்காகத்தான் எழுதினேன். தட்டில் நீர் வற்றாமல் பாருங்கள். காய்ச்சிய நீரையே ஊற்றுங்கள். கோடை விடுமுறையில் அதை மடத்துச் சமையற்கட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். மூன்று செடிகள் வளர்ந்ததும், நடுப்பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, சிஸ்டரிடம் "பன்னிரண்டு ஆயிற்று" என்று சொல்லுங்கள்.

எங்கள் ஒன்பதில் இலையின் அடியில் முதல் புள்ளிகள் தோன்றத் தொடங்கியுள்ளன. அவை முற்றும் நாளில் அத்தூள் காற்றில் பறக்கும். இறைவன் திருவுளமானால், அதில் சிறிதேனும் வேலியைத் தாண்டி, அந்த வெற்று மேட்டின்மேல் விழும்.